தேவகோட்டை பலகாரக் கடையும் ‘செட்டிநாடு லுக்’கும்: தூணை வாங்கலாம், காற்றை வாங்க முடியுமா?

பலகாரக் கடையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று இன்று யாராவது சொன்னால், என்ன செய்யப் போகிறார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏ.சி. மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வரிசையாக எல்.இ.டி. கீழே முகம் தெரிகிற விட்ரிஃபைடு டைல்ஸ். அடுப்பு பின்னால் எங்கேயோ போய்விடும். எந்த ஊர் ஸ்வீட் ஸ்டாலுக்குள் நுழைந்தாலும் ஒரே கடைக்குள் திரும்பத் திரும்ப நுழைவதுபோல இருப்பது இதனால்தான்.

இதில் தேவகோட்டையின் நிலைமைதான் வேடிக்கை. சென்னையிலும் பெங்களூருவிலும் சிங்கப்பூரிலும் ‘செட்டிநாடு’ என்று பெயர் வைத்த கடைகள் மரத்தூண், ஆத்தங்குடி டைல்ஸ், பித்தளைக் குமிழ் வைத்த கதவு என்று தேவகோட்டை வீடு மாதிரித் தெரியப் பாடுபடுகின்றன. தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் புதிதாகத் திறக்கிற கடைகளோ சென்னை மால் மாதிரித் தெரியப் பார்க்கின்றன. ஒருவர் வேஷத்தை இன்னொருவர் போட்டுக்கொள்கிறார்கள்.

அழகு அவரவர் விருப்பம்தானே, இதில் எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. பலகாரக் கடையின் உள்ளமைப்பு என்பது பெயின்ட் கலர் விவகாரம் மட்டும் இல்லை. முறுக்கு எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும், நெய்ப் பண்டம் எப்போது காறத் தொடங்கும், கரன்ட் பில் எவ்வளவு வரும், அடுப்படியில் நிற்கிறவர் எவ்வளவு வெக்கையைத் தாங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த உள்ளமைப்புதான். இந்தக் கணக்கையெல்லாம் ஏற்கெனவே போட்டுப் பார்த்த கட்டடங்கள் தேவகோட்டையில் தெருத் தெருவாக இருக்கின்றன. அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது தூணையும் கதவையும் மட்டும்தான். அந்த வீடுகள் எப்படி வேலை செய்தன என்பதை விட்டுவிடுகிறோம்.

வீடே ஒரு பலகாரப் பட்டறை

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்ற குறிப்பு, செட்டிநாட்டை 73 கிராமங்களும் 2 நகரங்களும் கொண்ட பகுதி என்கிறது. அந்த இரண்டு நகரங்களில் ஒன்று தேவகோட்டை. பர்மா, இலங்கை, மலாயாவில் வணிகம் செய்து ஈட்டிய பணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை இங்கே பெரிய பெரிய வீடுகள் எழுந்தன. பர்மா தேக்கு, இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்களில் நீங்கள் பார்ப்பது இவற்றைத்தான்.

ரீல்ஸில் வராதது அந்த வீட்டின் கணக்கு. தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் போகும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். நடுவில் வானம் பார்த்த வளவு. சூடான காற்று அதன் வழியாக மேலே போக, தாழ்வாரத்தின் நிழலில் இருக்கிற குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுவரில் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்துத் தேய்த்த பூச்சு. (கருப்பட்டியைப் பலகாரத்துக்கு மட்டும் இல்லை, சுவருக்கும் போட்ட ஊர் இது.) கூரையில் நாட்டு ஓடு. அடுப்படி எப்போதும் கடைசிக் கட்டில்.

கல்யாண வீட்டில் இந்த வரிசை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம், மாவுருண்டை எல்லாம் நாள்கணக்கில் கடைசிக் கட்டில் வேகும். அங்கே வெக்கையும் புகையும் மேலே திறந்த வானத்துக்குப் போய்விடும். ஆறவைத்த பலகாரம் தகர டின்னுக்கும் ஜாடிக்கும் மாறி, வெயில் படாத, சன்னல் குறைந்த அறைகளில் இருக்கும். விருந்தாளியின் கண்ணில் படுவது வளவும் முகப்பும்தான். பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் பண்டங்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் ‘சாமான் பரப்புதல்’ என்ற வழக்கமே இங்கே உண்டு. இன்றைய டிஸ்ப்ளே கவுன்ட்டருக்கு இதைவிட நல்ல முன்னோடி வேண்டுமா?

சூடு கடைசியில், சேமிப்பு இருட்டில், காட்சி முன்னால், நடுவில் காற்றோட்டம். பலகாரக் கடைக்கு வேண்டியதும் இதே வரிசைதான். இப்போது செய்கிற புதுப்பித்தலில் பெரும்பாலும் இது தலைகீழாகிறது. காட்சிக்கு வைத்த பண்டத்தின் மேல் விளக்கு எரிகிறது. அடுப்பு காற்று போகாத பின்னறையில் அடைபடுகிறது. கடையைச் சுற்றிலும் சிமென்ட் பெட்டி. அந்தப் பெட்டியைக் குளிரவைக்க ஏ.சி.

பழைய முறைக் கடைகள் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வாசலில் அடுப்பு, சாலைப் புழுதி, திறந்த தட்டில் மொய்க்கிற ஈ, எண்ணெய்க் கரி படிந்த சுவர் என்று அதிலும் ஆயிரம் குறை. நடைபாதையை அடுப்பு பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒதுங்கி நடக்க வேண்டும். கடை மாறத்தான் வேண்டும். எதை நோக்கி மாறுகிறது என்பதில்தான் பேச்சு.

தூண் எங்கிருந்து வருகிறது?

‘ஒரிஜினல் செட்டிநாடு லுக் வேணும்’ என்று இன்டீரியர் டிசைனரிடம் சொன்னால், அவர் முதலில் போன் அடிப்பது காரைக்குடிக்குத்தான். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் பாத்திரம், ஜாடி, பழைய விளம்பரப் பலகை முதல் கதவு, நிலை, தூண் வரை கிடைக்கும். சுற்றிப் பார்க்க அருமையான தெரு. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: எனாமல் கிண்ணி வீட்டை விட்டு வந்தாலும் வீடு நிற்கும். தூண் வந்தால் வீடு நிற்காது. முழுத் தேக்குத் தூண் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால், எங்கோ ஒரு தாழ்வாரம் இறக்கப்பட்டிருக்கிறது.

வியாபாரிகளை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மா வருமானம் நின்றுபோனது. வாரிசுகள் பெருகினார்கள், வேலை தேடி வெளியூர் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஓடு மாற்றச் செலவு செய்ய யாரும் இல்லை என்ற நிலையில்தான் பல வீடுகள் பிரிக்கப்படுகின்றன. விழுந்த வீட்டின் மரத்தை விறகாகாமல் காப்பாற்றுவதும் இந்தக் கடைகள்தான். யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியலில் பெயர் இருப்பது சட்டப் பாதுகாப்பும் இல்லை. பிரிக்க நினைக்கிற உரிமையாளரை அது தடுக்காது.

ஆனால் தேவை கூடக் கூட, நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கு உருவாகும். மைசூர்பாகு விற்க ஒரு வளவைக் கலைக்க வேண்டுமா என்பதைக் கடை போடுகிறவர் யோசிக்கலாம். வீட்டில் அந்தத் தூண் கூரையைத் தாங்கியது. கடையில் ஜிப்சம் போர்டைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. வாங்கியே ஆக வேண்டும் என்றால், எந்த ஊர், எந்த வீடு, ஏன் பிரித்தார்கள் என்று கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் உள்ளூர் ஆசாரியிடம் புதுத் தூண் செதுக்கச் சொல்லலாம். வேலையாவது ஊரில் மிஞ்சும்.

டைல்ஸ்: எது அசல், எதை எங்கே போடுவது?

இந்த விஷயத்தில் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லாமல் வாங்கக் கூடிய செட்டிநாட்டுப் பொருள் ஆத்தங்குடி டைல்ஸ். எந்த வீட்டையும் இடிக்காமல், இன்றும் கையால் புதிதாகச் செய்கிறார்கள். சூளையில் சுடுவது இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை நிறுத்தி, நிறம் கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, அதன் மேல் கலவை போட்டு அமுக்குவார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி பட்ட பக்கம் வழவழவென்று வரும். அந்தப் பளபளப்பு பாலிஷ் போட்டது இல்லை, கண்ணாடி கொடுத்தது.

இதே பூவைப் பிரிண்ட் அடித்த பீங்கான் டைல்ஸ் ‘ஆத்தங்குடி மாடல்’ என்று கிடைக்கிறது. விலை குறைவு, போடுவதும் சுலபம். போடட்டும், தப்பில்லை. ஆனால் அசல் என்று சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள். ஒரு டைலைத் திருப்பிப் பாருங்கள். அசலின் முதுகு சாம்பல் நிற சிமென்ட்டாக இருக்கும், கனமாக இருக்கும். இரண்டு டைல்களைப் பக்கத்தில் வைத்தால் கோடு நூலளவு மாறும். பிரிண்டில் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

இங்கேதான் பல கடைகள் சறுக்குகின்றன. ஆத்தங்குடி டைல்ஸ் சிமென்ட் என்பதால் ஈரத்தையும் கறையையும் இழுக்கும். எலுமிச்சை, புளி, ஆசிட் கிளீனர் எதுவும் ஆகாது. வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்துத்தான் அதற்கு மெருகு ஏறியது. ஜாங்கிரிப் பாகும் எண்ணெயும் சொட்டுகிற அடுப்படியில் அதைப் போட்டால் ஒரு வருஷத்தில் முகம் கறுத்துவிடும், கால் வேறு வழுக்கும். உணவு நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையும் தரையும் சுவரும் சுலபமாகக் கழுவிச் சுத்தம் செய்யக் கூடியதாக, உரிந்து விழாததாக இருக்க வேண்டும் என்கிறது. ஆக, வாடிக்கையாளர் நிற்கிற முன்பகுதிக்கு ஆத்தங்குடி, அடுப்படிக்குச் சொரசொரப்பான, வழுக்காத, நீர் இழுக்காத தரை. இதுதான் சரியான பங்கீடு. பழைய வீடுகளிலும் பூப்போட்ட தளம் முன்கட்டில்தான், பின்கட்டுத் தரை எளிமையாகத்தான் இருக்கும்.

விளக்கு: கண்ணுக்கு விருந்து, நெய்க்கு விஷம்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையை எல்லோருக்கும் தெரியும். உள்ளலங்காரம் என்று ஒன்றுமே இல்லாமல், மங்கலான வெளிச்சத்தையே பெயராக வைத்துக்கொண்டு, சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் அல்வா விற்கிற கடை. வரிசை தெருவில் நிற்கும். எல்லாக் கடையும் இருட்டுக்கடை ஆக முடியாது. நூறு வருஷத்துக்கு மேல் சம்பாதித்த பெயர் அது. ஆனாலும் வெளிச்சம்தான் பலகாரத்தை விற்கிறது என்ற நம்பிக்கைக்கு அது நல்ல பதில்.

வெளிச்சத்துக்கும் பண்டத்துக்கும் நேரடிப் பகை உண்டு. பாலில் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் இருக்கிறது. நீல நிற ஒளியை அது உறிஞ்சும். அந்த ஆற்றலில் கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கும். நாம் ‘காறல் வாடை’ என்று சொல்வது அதைத்தான். வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளி கணிசமாக இருக்கும். ‘கூல் டே லைட்’ என்று விற்கிற 6,500 கெல்வின் விளக்கில் இன்னும் அதிகம். கண்ணாடி ஷோகேஸுக்குள் பால்கோவாவின் தலைக்கு அரை அடி மேலே அந்தப் பட்டி விளக்கை நாள் முழுக்க எரியவிடுவதைத்தான் நாம் ‘பிரீமியம் லுக்’ என்கிறோம். நெய்யிலும் எண்ணெயிலும் செய்த பண்டத்தை ஆச்சிகள் இருட்டறையில் டின்னில் போட்டு மூடியது சும்மா இல்லை.

என்ன செய்யலாம்? 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் சாயல் விளக்கு போதும். நெய்ப் பண்டத்தின் பொன்னிறம் அதில்தான் நன்றாக எடுபடும். பல்பு பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். அது 90-ஐத் தாண்டினால் பொருளின் அசல் நிறம் தெரியும். விளக்கை ஷோகேஸுக்குள் வைக்காமல் வெளியே, மேலே வைத்துக்கொள்ளலாம். காட்சிக்குக் கொஞ்சம், மீதி உள்ளே மூடிய டின்னில் என்று வைத்துக்கொண்டால் நஷ்டமும் குறையும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குளிர்ந்த வெள்ளை வெளிச்சத்தில் இயல்பான நிறம் செத்துப்போய்த் தெரியும். லட்டு வெளிறிப்போகும். ‘கலர் கொஞ்சம் தூக்கலா போடு’ என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது என்பது என் ஊகம். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறத்துக்கே ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி கலந்ததால் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததை மறந்திருக்க மாட்டோம். கண்ணுக்கு விற்கிற கடை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஓர் எல்லை.

ஏ.சி. வேண்டுமா?

வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. பால் பண்டத்துக்குக் குளிர் வேண்டும். அல்வாவும் மைசூர்பாகும் குளிரில் வைத்தால் நெய் உறைந்து, வாயில் போட்டால் மெழுகுபோல இருக்கும். முறுக்குக்கும் சீடைக்கும் குளிரும் வேண்டாம், வெக்கையும் வேண்டாம், ஈரம் மட்டும் படக் கூடாது. ஒரே ஹாலில் ஒரே வெப்பநிலையில் மூன்றையும் அடுக்குவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பால் பண்டத்துக்கு ஒரு சின்ன குளிர்பதன ஷோகேஸ் வைத்துவிட்டால், மொத்தக் கடையையும் குளிரவைக்க வேண்டிய அவசியம் பெரிதும் குறையும்.

தேவகோட்டைக்கு இதில் சொந்தமான ஒரு சிக்கலும் உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி காய்கிற ஊர் இது. ஆனால் பலகாரம் அதிகம் விற்கிற தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வரும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கிற நாட்களில் கதவு திறந்து திறந்து மூடும். ஏ.சி.யில் குளிர்ந்த தட்டு வெளிக்காற்றில் வந்ததும் வியர்க்கும். அந்த ஈரம் போதும், கைமுறுக்கு நமுத்துப்போக. கூட்ட நாளில் முறுக்கு கவுன்ட்டரை ஏ.சி. ஹாலிலிருந்து பிரித்து, முன்பக்கத் தாழ்வாரத்தில், காற்றுப் புகாத டின்களோடு வைக்கிற கடைக்காரர் புத்திசாலி.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதற்கு வருவோம். மேற்கு பார்த்த கடையில் அது மத்தியானத்துக்கு மேல் ஒரு அடுப்பு. வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அந்தச் சூட்டை ஏ.சி. வைத்து வெளியேற்றக் காசு கொடுக்கிறோம். செட்டிநாட்டு முகப்பில் ஏன் திண்ணையும் நீண்டு இறங்கும் கூரையும் இருந்தன? நிழல் முதலில், சுவர் பிறகு. ஐந்தடிக்கு ஒரு தாழ்வாரம் இறக்கினால், காத்திருக்கிறவர் உட்கார இடமும் கிடைக்கும், கண்ணாடியும் சுடாது. ஒரு தூண்கூட வாங்காமல் செட்டிநாட்டு வீட்டை அப்படியே கடைக்குள் கொண்டுவருவது என்றால் அது இதுதான்.

அடுப்படியும் நாற்காலியும்

உள்ளலங்காரத்துக்கு வரைபடம் போடும்போது கடைசியாக மிஞ்சுகிற இடம் அடுப்படிக்கு. சரக்கு மாஸ்டரும் அவரோடு நிற்கிற இரண்டு மூன்று பேரும் நாள் முழுக்கக் கொதிக்கிற எண்ணெய்க்கும் பாகுக்கும் நடுவே நிற்கிற இடம் அது. வாசலில் அடுப்பு இருந்தபோது புழுதி இருந்தது, ஆனால் காற்றும் இருந்தது. பின்னறைக்குப் போனதும் இரண்டும் போய்விட்டன. சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லையென்றால், கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு திறக்கும்போதெல்லாம் ஃபேன் கடைக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றை இழுக்கும். நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று எண்ணெய்ப் புகையோடு சந்துக்குப் போகும். அடுப்புக்கு மேலே கூம்பு வைத்துக் கூரைக்கு மேல் புகைபோக்கி, எதிர்ச்சுவரில் வலையடித்த சன்னல். இதற்கு ஆகிற செலவை ஃபால்ஸ் சீலிங் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுப்படியை மறைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் வையுங்கள். தெருவைப் பார்த்த கண்ணாடியைவிட அதுதான் வியாபாரத்துக்கு நல்லது. தேன்குழல் பிழிவதை வேடிக்கை பார்க்காத ஆள் உண்டா? எண்ணெயின் நிறமும் தெரியும். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். கறுத்த எண்ணெயைப் பார்க்கக் கண் போதும்.

கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் பார்க்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் அதற்கு முன்பே, 2018-இல், செய்தது. ‘அங்காடித் தெரு’ படம் 2010-இல் வந்தபோது ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்காகக் கலங்கினோம். ஸ்வீட் ஸ்டாலில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கும் கால் வலிக்கும். புதுப்பித்த கடைக்குப் போனால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். மூன்று லேயர் லைட்டிங் வரைந்த டிசைனர் அதை வரைய மறந்திருப்பார். கவுன்ட்டரின் ஆழத்தை ஒன்றரை அடி கூட்டினால் தீர்கிற பிரச்சினை இது.

தராசு, தேதிப் பலகை பற்றிச் சுருக்கமாக. தராசின் எண் வாடிக்கையாளர் பக்கமும் தெரிய வேண்டும். அட்டைப் பெட்டியின் எடை பண்டத்தோடு சேரக் கூடாது. பெட்டியை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு நிறுக்கச் சொல்வது உங்கள் உரிமை. உதிரியாக விற்கிற இனிப்புகளுக்கு ‘எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்’ என்பதைத் தட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அலங்காரத்தைக் கெடுக்கிறது என்று அந்தச் சீட்டை எடுத்துவிடுகிற கடைகள் உண்டு. வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கினால் ஏன் கெடப் போகிறது?

பழசு அப்படியே இருந்தும் ஜெயித்த கடைகள்

‘மாற்றாவிட்டால் யங்ஸ்டர்ஸ் வர மாட்டாங்க’ என்பது கடைக்காரர்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் எதிர் உதாரணங்களும் இருக்கின்றன. கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் இருக்கும் நாஹூம் பேக்கரி 1902-இல் தொடங்கியது. பழைய மர ஷோகேஸ்களை அது இன்னும் விடவில்லை. அதே ஊரில் பௌபஜாரில் பீம் நாக் இனிப்புக் கடையின் சுவரில் வங்க எழுத்தில் எண் எழுதிய கடிகாரம் ஒன்று தொங்குகிறது. அங்கே சந்தேஷ் சாப்பிட்டு மகிழ்ந்த குக் அண்டு கெல்வி கடிகார நிறுவனத்தின் வெள்ளைக்காரர் செய்து கொடுத்தது என்று கதை சொல்வார்கள். கடைக்கு வேறு அலங்காரம் தேவைப்படவில்லை. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். பாரிஸில் 1761-இல் தொடங்கிய ஆ லா மேர் த ஃபமீய் என்ற மிட்டாய்க் கடையைப் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னமாகவே பட்டியலிட்டிருக்கிறது. இந்தக் கடைகளில் புதுசாக வாங்கி மாட்டிய ‘பழமை’ கிடையாது. அங்கேயே இருந்து பழசானது.

தேவகோட்டைக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு மற்ற ஊர்களைவிட அதிகம். திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகிற பாதையில் இருக்கிற ஊர். காரில் வருகிறவர் வண்டியை நிறுத்தக் காரணம் வேண்டும். நெடுஞ்சாலை முழுக்கக் கிடைக்கிற கண்ணாடிக் கடை அந்தக் காரணம் ஆகாது. பனையோலைக் கொட்டானில் கட்டித் தருகிற கவுனி அரிசி மாவும் சீப்புச் சீடையும் ஆகலாம். கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அழியப் பார்த்த அந்தக் கைவேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மீட்டெடுத்த கதையும் இருக்கிறது. 2019-இல் தமிழ்நாடு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகு மாற்றுப் பை தேடுகிற கடைக்கு, அது பக்கத்து ஊரிலேயே முடைகிற பொருள்.

இதைவிடப் பெரிய யோசனை ஒன்றும் உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடுகளில் ஒன்றையே பலகாரக் கடையாக்கினால் என்ன? காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி, கூரை ஒழுகாமல் பிழைத்துக்கொண்டன. விடுதிக்கு ஆகிற முதலீடு பலகாரத்துக்கு ஆகாது. மூன்றாங்கட்டில் அடுப்பு, இரண்டாங்கட்டில் சேமிப்பு, முகப்பில் விற்பனை. வீடு ஏற்கெனவே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வாடகைப் பணம் ஓடு மாற்ற ஆகும். தூண் இருந்த இடத்திலேயே நிற்கும்.

தடைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மரக்கூரைக்குக் கீழே கேஸ் அடுப்பு என்றால் தீப் பாதுகாப்புக்குத் தனியாக யோசிக்க வேண்டும். பின்கட்டில் கழுவக்கூடிய தரையும் சுவரும் போட்டால்தான் உணவுப் பாதுகாப்பு உரிமம் கிடைக்கும். கழிவு எண்ணெயும் கழிவு நீரும் போக வழி செய்ய வேண்டும். இவையெல்லாம் பணமும் பொறியாளரும் இருந்தால் தீர்கிறவை. தீராதது பங்காளிகளின் கையெழுத்து. பதினைந்து பங்கு இருக்கிற வீட்டில் பதினைந்து பேரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் நாலு பேர் சென்னையில், மூன்று பேர் வெளிநாட்டில், ஒருவரோடு மற்றவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. வாடகையை எப்படிப் பிரிப்பது, வீட்டுப் படைப்பு நாளில் கடையை மூடுவதா, ரிப்பேர் செலவு யார் தலையில் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கிற பொதுவான குத்தகைப் பத்திரம் ஒன்றை ஊர் நகரத்தார் சங்கமோ நகராட்சியோ சுற்றுலாத் துறையோ தயாரித்துக் கொடுத்தால், முதல் வீட்டுக்காரர் துணிந்து கையெழுத்துப் போடுவார்.